நாலு குரங்கு எடை

பன்யாங்குக்குக் காய்ச்சல் வந்த நேரம் சரியில்லை. இதை முதலில் சொன்னவர் நங்கா செலிபோங் என்ற ஆற்றங்கரை ஊரில் மலேரியா ஒழிப்பு அலுவலகத்தின் முன்மேசைக் குமாஸ்தா. "மூணு வருஷம் முன்னால வந்திருக்கலாம்மா. இல்ல, ஒரு நாலு நாள் பொறுத்தாவது வந்திருக்கலாம். இன்னிக்குப் பார்த்தா வருவீங்க?" என்று அவர் மனசார வருத்தப்பட்டார்.

பன்யாங்கின் மனைவி இண்டாங்குக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விடியற்காலையில் புருஷனைப் படகில் கிடத்தி, நாலு மணி நேரம் ஆற்றோடு வந்திருந்தாள். மலைநெல் முற்றிக் கொண்டிருந்தது. குரங்குகள் கூட்டம் கூட்டமாக இறங்கிக் கதிரைக் கசக்கிப் போட்டன. அவற்றை விரட்டுவதற்காகப் பன்யாங் பதினோரு நாள் காட்டு விளிம்பில் இருந்த காவல் குடிசையில் தங்கியிருந்தார். பன்னிரண்டாம் நாள் கையில் கவண் இருக்க, பல் கிட்டித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்கு மத்தியானம் குளிர்ஜுரம். மறுநாளும் அதே மத்தியானம். மூன்றாம் நாள் சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனது. நாலாம் நாள் அவளை அவர் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. செத்துப்போன தன் அக்கா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போதுதான் இண்டாங் படகுக்காரனைக் கூப்பிட ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு நிமிஷம் கூட வீணாக்கவில்லை. விரலில் குத்தி ரத்தம் எடுக்கச் சொன்னார். கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர் லவாய் என்ற ஆய்வுக்கூடக்காரர். மேல்நதிப் பக்கத்துக் காயான் இனத்து ஆள். அவர் எண்ணினார், மறுபடியும் எண்ணினார். வெளியே வந்து இண்டாங் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"அக்கா, மலேரியா. நூறு ரத்த அணுவுல ரெண்டுல பூச்சி இருக்கு."

"நூத்துக்கு ரெண்டுதானா? அப்ப தேவலையா?"

"தேவலை இல்லக்கா. இது குரங்குக்கிட்டேருந்து கொசு வழியா வர்ற ஜாதி. மத்த மலேரியா ரெண்டு நாள், மூணு நாளைக்கு ஒரு தடவை பெருகும். இது ஒவ்வொரு நாளும் பெருகும். இன்னிக்கு ரெண்டு. நாளைக்கு எத்தனைன்னு என்னால சொல்ல முடியாது. இன்னிக்கே ஊசி போட்டாகணும்."

"போடுங்க."

"போடலாம். மருந்து எதிர்க் கட்டடத்துல இருக்கு."

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு இண்டாங் எதிர்க் கட்டடத்துக்கு ஓடினாள். மலேரியா மருந்துகள் எல்லாம் அந்த அலுவலகத்தின் இரும்பு அலமாரியில் இருந்தன. ஆஸ்பத்திரியில் வைத்தால் ஆஸ்பத்திரிக்காரர்கள் நோயாளிகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள் என்று போன வருஷம் அங்கே கொண்டு போய்விட்டார்கள்.

அலுவலக வாசலில் ஆள் உயரப் பலகை. இன்று மலேரியா இல்லாத 1,094-ஆவது நாள். ஒருவன் ஏணியில் நின்று பூச்சரம் சுற்றிக் கொண்டிருந்தான். நாளைக்கு 1,095 ஆகும். மூன்று வருஷம் முழுசாக. அதைச் சான்றிதழாக எழுதிக் கொடுக்க வெளிநாட்டிலிருந்து தேர்வுக் குழு கிளம்பி வந்துகொண்டிருந்தது. சீட்டைப் படித்ததும்தான் குமாஸ்தா அப்படி வருத்தப்பட்டார்.

"மருந்து குடுக்கணும்னா மலேரியாப் பதிவேட்டுல பேர் ஏத்தணும். பேர் ஏத்தினா பலகையில பூஜ்ஜியம் போடணும். பூஜ்ஜியம் போட்டா நாளைக்கு விழா இல்ல. பந்தலுக்கு முன்பணம் குடுத்தாச்சு."

"ஐயா, அவருக்கு மூச்சு வாங்குது."

"புரியுதும்மா. டத்தோவைப் பாருங்க. ஒத்திகையில இருக்காரு."

டத்தோ மர்சூக்கி மாவட்ட ஒழிப்பு இயக்குநர்; டத்தோ என்பது அரசு கொடுத்த பட்டம். பந்தலில் நின்று, காலி நாற்காலிகளைப் பார்த்து நாளைக்குப் பேச வேண்டியதைப் பேசிப் பார்த்துக் கொண்டிருந்தார். "ஒரு நோயை ஒழிப்பது கடினம். அதைவிடக் கடினம், ஒழித்த நோயை ஒழித்ததாகவே வைத்திருப்பது. அந்தப் பணியில் இந்த அலுவலகம் இரவு பகல் பாராமல்..." அந்த இடத்தில் இண்டாங் குறுக்கே போய் நின்றாள்.

டத்தோ கோபப்படவில்லை. நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார். சீட்டை வாங்கிப் படித்தார். முகம் வெளுத்தது. 'குரங்கு' என்ற சொல் வந்ததும் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"அட, குரங்கு மலேரியாவா? முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? பயந்தே போயிட்டேன். இது மலேரியாவே இல்லை."

"லவாய் மலேரியான்னு சொன்னாரே."

"அவன் நுண்ணோக்கியில பார்க்கிறான். நான் விதியில பார்க்கிறேன். மனுஷங்கிட்டேருந்து மனுஷனுக்கு வந்தாத்தான் அது மலேரியாக் கணக்கு. இது குரங்கோடது. நோய் குரங்குக்குச் சொந்தம். உங்க வீட்டுக்காரரு, எப்படிச் சொல்ல, நோய் வந்து தங்கியிருக்கிற இடம். அவ்வளவுதான்."

"சரி சார். மலேரியா இல்லன்னே வெச்சுக்கங்க. மருந்தைக் குடுங்க."

டத்தோ அவளைப் பரிவாகப் பார்த்தார். "மலேரியா இல்லாதவருக்கு மலேரியா மருந்தை நான் எப்படிம்மா குடுப்பேன்? தணிக்கையில மாட்டிக்குவேனே."

இண்டாங் சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மணி பதினொன்றாகியிருந்தது. பன்யாங் கண்ணைத் திறந்து கூரையில் எதையோ விரட்டினார். "ஊ! ஊ! போ!" என்று கையை வீசினார். கண்ணின் வெள்ளை மஞ்சளாகிப் போயிருந்தது. அவள் அவர் நெற்றியில் ஈரத் துணியைப் போட்டாள். துணி சட்டென்று சூடாகியது.

லவாய் வேறு வழி ஒன்று சொன்னார். அதே அலமாரியில் கீழ்த் தட்டு ஒன்று உண்டு, அதிலும் அதே மருந்துதான். அது வனவிலங்கு இலாகாவுக்கு ஒதுக்கியது. சுற்றுக் காடுகளில் குரங்குகளைப் பிடித்து ரத்தம் எடுத்து, அவற்றின் மலேரியா ஒட்டுண்ணிகள் எத்தனை விதம் என்று மரபணு பார்க்கிற ஆராய்ச்சி நடந்து கொண்டிருந்தது. பிடிபட்ட குரங்கு நோயாக இருந்தால் மருந்து போட்டுத்தான் விட வேண்டும் என்பது ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தவர்கள் நிபந்தனை. "குரங்கு நோய்னு டத்தோவே சொல்லிட்டாருல்ல? ஜப்பாரைப் போய்ப் பாருங்க. குரங்கெல்லாம் அவரு பொறுப்பு."

ஜப்பார் வனவிலங்கு அதிகாரி. ஒல்லியான, ஒழுங்கான மனிதர். மேசையில் மூன்று நிறப் பேனா வரிசையாக இருந்தது. அவர் சுவரில் இருந்த படத்தைக் குச்சியால் தொட்டுக் காட்டினார்.

"பாருங்கம்மா. இங்க ரெண்டு ஜாதிக் குரங்கு. இது நீளவால். இது பன்றிவால். நீளவால்கிட்ட இருக்கிற ஒட்டுண்ணி ஒரு வம்சம். பன்றிவால்கிட்ட இருக்கிறது இன்னொரு வம்சம். வெளியில பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். உள்ள மரபணுவுல ஏழாம் பங்காளி மாதிரி தூரம். கடலுக்கு அந்தப் பக்கம் மூணாவது வம்சம் ஒண்ணு இருக்கு, அது நமக்கு வேண்டாம். இப்ப சொல்லுங்க, உங்க வீட்டுக்காரருக்கு வந்திருக்கிறது எந்த வம்சம்?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

"தெரியாம நான் எந்தப் பத்தியில எழுதுறது? நீளவால்னா பச்சைப் படிவம். பன்றிவால்னா சிவப்புப் படிவம். ரத்தத்தைத் தலைநகருக்கு அனுப்பினா சொல்லிடுவாங்க."

"எத்தனை நாளாகும்?"

"அஞ்சு வாரம். போன தடவை ஆறு ஆச்சு."

"இன்னும் அஞ்சு மணி நேரம் தாங்குவாரான்னு தெரியலைங்க."

ஜப்பார் உண்மையிலேயே யோசித்தார். "அவரைக் கடிச்ச குரங்கைப் பிடிச்சிட்டு வர முடியுமா?"

"குரங்கு கடிக்கலை. கொசு கடிச்சது."

"அப்ப அந்தக் கொசு?"

இண்டாங் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த மனிதரை அடித்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் நினைத்தாள். ஒன்றும் ஆகாது, அதற்கும் ஒரு படிவம் இருக்கும் என்று தோன்றியது. கையைத் தளர்த்தினாள்.

மத்தியானம் ஒரு மணிக்கு லவாய் மறுபடி எண்ணினார். நூறுக்கு மூன்று. மூன்றரை மணிக்கு நூறுக்கு ஐந்து. லவாய் எண்ணிக்கையைத் தாளில் எழுதாமல் உள்ளங்கையில் எழுதியிருந்தார். அதை விரித்துக் காட்டினார். "அக்கா, இனிமே சிறுநீரகம் நின்னுடும். டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு ஹெலிகாப்டர் கேட்டாங்க. அதைத் தேர்வுக் குழுவை அழைச்சிட்டு வர அனுப்பியிருக்காங்களாம்."

பன்யாங் இப்போது குரங்கை விரட்டவில்லை. சும்மா கிடந்தார். அந்தச் சும்மா கிடப்பதுதான் இண்டாங்கைப் பிடித்து உலுக்கியது. எழுந்தாள். மறுபடி எதிர்க் கட்டடம். டத்தோவும் ஜப்பாரும் ஒன்றாக உட்கார்ந்து நாளைக்கு யார் மாலை போடுவது என்று பேசிக் கொண்டிருந்தார்கள்.

"சார், எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. மனுஷப் பதிவேட்டுல அவருக்கு இடமில்ல. சரி. குரங்குப் பதிவேட்டுல இடம் இருக்கா?"

"குரங்குக்கு இருக்கு" என்றார் ஜப்பார்.

"அப்ப குரங்குன்னே எழுதிக்கங்க."

இண்டாங் அவமானத்தில் காதுவரை சிவந்து நின்றாள். அவர்கள் சிரிப்பார்கள், இல்லை திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். இரண்டும் நடக்கவில்லை. டத்தோ மெல்ல எழுந்து, அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இந்த அலுவலகத்துல பத்து வருஷமா இருக்கேன். இவ்வளவு பொறுப்பான பொதுஜனத்தை இப்பத்தான் பார்க்கிறேன்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நடந்தது. ஜப்பார் அளவு நாடாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். வால் எவ்வளவு நீளம் என்று எழுதாமல் படிவம் நகராது. பன்யாங்கை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கண்ணியமாகப் போர்வைக்கு மேலாகவே அளந்தார். 'பூஜ்ஜியம் சென்டிமீட்டர்' என்று எழுதினார். முப்பதுக்குக் குறைவான வால் எல்லாம் பன்றிவால் கணக்கு. சிவப்புப் படிவம். வம்சப் பிரச்சினை இப்படித் தீர்ந்தது.

"பிடிபட்ட இடம்?"

"மேல் செலிபோங். மலைநெல் காடு."

"பிடிபடும்போது என்ன செஞ்சிட்டிருந்தது?"

"குரங்கு விரட்டிட்டிருந்தாரு."

ஜப்பார் 'தன் இனத்தோடு சண்டை' என்று எழுதினார். "ஊசிக்கு முன்னால மயக்கத் துப்பாக்கியால சுடணும். அது விதி."

"ஏற்கெனவே மயக்கத்துலதான்யா கிடக்காரு!" இண்டாங்கின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. ஜப்பார் பயந்துபோய் 'மயக்கம்: ஆம்' என்று கட்டம் போட்டார்.

கடைசியில் எடை. அங்கேதான் எல்லாம் நின்றது. ஒரு குரங்குக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் மருந்து கிடையாது. பதினைந்து கிலோவுக்கு மேல் குரங்கும் கிடையாது. பன்யாங் அறுபது கிலோ.

"கால் பங்கு மருந்து போட்டாப் போதாதா?" என்றார் ஜப்பார்.

"கால் பங்கு போட்டா கால் பங்குதான் பொழைப்பாரு" என்றார் டாக்டரம்மா. காலையிலிருந்து அவர் பேசிய முதல் நகைச்சுவை அது. அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

இண்டாங் அறுபதைப் பதினைந்தால் வகுத்தாள். மிளகு மூட்டை நிறுத்து விற்கிறவள், கணக்குக்கு விரல் தேவைப்படவில்லை. "நாலு குரங்குன்னு எழுதுங்க."

ஜப்பார் பதிவேட்டைப் பார்த்தார். அதுவரை நாற்பத்தாறு குரங்கு. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது என்று எழுதினார். நாலுக்கும் தனித்தனியாக ரத்தம் எடுத்து, நாலு குப்பியில் அடைத்து, நாலு சீட்டு ஒட்டினார். ஒழுங்கான மனிதர். இருபது நிமிஷம் ஆனது. அந்த இருபது நிமிஷமும் இண்டாங் கணவனின் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஏறியது, இறங்கியது, ஒரு தடவை ஏறத் தாமதித்தது. அவள் மூச்சும் அங்கேயே நின்றது. பிறகு ஏறியது.

ஐந்து மணிக்கு நாலு குரங்கின் மருந்து ஒரே ஊசியில் பன்யாங்கின் நரம்பில் இறங்கியது.

மறுநாள் விடியற்காலை இரண்டாவது ஊசி. ஏழு மணிக்கு லவாய் எண்ணிப் பார்த்துவிட்டு ஓடி வந்து, வாயைத் திறக்காமல் ஒற்றை விரலைக் காட்டினார். நூறுக்கு ஒன்று. இண்டாங் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

எட்டரை மணிக்குப் பன்யாங் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கஞ்சி கேட்டார். நாலு கரண்டி உள்ளே போனதும் கண் தெளிந்தது. தெளிந்த கண், கட்டில் கால்மாட்டில் 'குரங்கு 47 முதல் 50' என்று தொங்கிய சிவப்பு அட்டையைப் படித்தது.

"இது என்ன?"

இண்டாங் சொன்னாள். எதையும் மறைக்காமல், வால் அளந்தது உட்பட. அவர் முகம் இறுகியது. கையில் இருந்த ஊசிக் குழாயைப் பிடித்தார்.

"எங்க பாட்டன் எட்டுத் தலைமுறைப் பேரை வரிசையா சொல்லுவாரு. அதுல ஒரு குரங்கும் கிடையாது. அந்த அட்டையைக் கிழி. இல்ல, இதைப் பிடுங்கிட்டு நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்."

"கிலாங் அப்பா, கையை எடுங்க" என்று மகன் பேரைச் சொல்லி அதட்டினாள்.

"மாட்டேன்."

"எடுங்கன்னேன்!" அவள் அவர் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். "நேத்து மத்தியானம் நீங்க மனுஷன்தான். யாரும் இல்லேன்னு சொல்லலை. மனுஷனா செத்துட்டிருந்தீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு இன்னொரு ஊசி இருக்கு, அப்புறம் மூணு நாள் மாத்திரை. அதுவரைக்கும் குரங்கா இருங்க. வீட்டுக்கு வந்து எட்டுத் தலைமுறையையும் சொல்லுங்க, நான் உக்காந்து கேக்குறேன்."

அவர் அவளையே பார்த்தார். அவள் தலை கலைந்திருந்தது, உதடு வெடித்திருந்தது. குழாயை விட்டார். "நாலு குரங்கா?" என்று கேட்டார்.

"நாலு."

"ஒண்ணாவது பொம்பளைக் குரங்கா எழுதினாங்களா?"

"வாயை மூடிட்டுக் கஞ்சியைக் குடிங்க."

பத்து மணிக்குத் தேர்வுக் குழு வார்டுக்குள் வந்தது. இது நிகழ்ச்சி நிரலில் இல்லை. குழுவில் மூன்று பேர். நடுவில் வந்த நரைத்த தலை அம்மாவைப் பற்றி யாரும் டத்தோவுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் சின்ன வயதில், ஊரே ஒரே கூரைக்கடியில் குடியிருக்கும் இந்த ஆற்றங்கரை நீள்வீடுகளில் இருபது வருஷம் மருத்துவச்சியாக இருந்தவர். மொழி பெயர்க்க வந்த டத்தோவைக் கையமர்த்திவிட்டு, நேராகக் கட்டிலருகே வந்து, மேல்நதி வட்டார வழக்கிலேயே கேட்டார்.

"என்ன தம்பி, உடம்புக்கு என்ன?"

டத்தோ விழாக் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டார். அட்டை முன்னால் ஜப்பார் வந்து நின்று மறைத்துக்கொண்டார். மருந்து அலமாரியின் சாவி டத்தோவின் இடுப்பில் தொங்கியது. இண்டாங் அதைப் பார்த்தாள். மூன்றாவது ஊசி அந்தச் சாவிக்குப் பின்னால் இருந்தது. போர்வைக்கடியில் கணவனின் கையை நெரித்தாள். இந்த அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும்? நல்லது நடக்கலாம். விசாரணை நடக்கலாம். விசாரணை முடியும்வரை அலமாரிக்கு முத்திரை வைக்கலாம்.

பன்யாங் தொண்டையைச் செருமினார்.

"குரங்குத் தொல்லைம்மா."

"வயல்லயா? அதுக்கா ஆஸ்பத்திரி?"

"எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி."

அந்த அம்மா சிரித்தார். மஞ்சள் பூத்த கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் வெளியே பள்ளிப் பிள்ளைகளின் மேளம் ஆரம்பித்துவிட்டது. டத்தோ கையை நீட்டி வழி காட்டினார். அம்மா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தபடியே போனார்.

பதினோரு மணிக்கு ஒலிபெருக்கியில் டத்தோவின் பேச்சு வார்டு ஜன்னல் வழியாகக் கேட்டது. "இன்று இந்த மாவட்டத்தில் மலேரியா உள்ள ஒரு மனிதரைக் காட்டுங்கள், நான் பதவி விலகுகிறேன்!" கைதட்டல் வெகு நேரம் நீடித்தது. பன்யாங் மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பொய்யைத் தாங்களும் சேர்ந்துதானே சொன்னோம் என்று இண்டாங்குக்கு உறுத்தியது. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஊசி வந்தது. உறுத்தல் போகவில்லை. புருஷன் பிழைத்தார்.

ஆறு வாரம் கழித்து, தண்ணீர் வற்றிய ஒரு முற்பகலில், கல்லில் அடிபட்டு அடிபட்டு ஓர் அலுவலகப் படகு மேல் செலிபோங் வந்து சேர்ந்தது. டத்தோவும் ஜப்பாரும் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, படியாக வெட்டிச் சாய்த்திருந்த மரத்தில் ஏறி நீள்வீட்டுக்கு வந்தார்கள். இண்டாங் பாய் விரித்தாள். பழக்கம் அப்படி. அரிசிக் கள்ளும் ஊற்றினாள். டத்தோ வேண்டாமென்று தண்ணீர் கேட்டார்.

டத்தோ பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். தலைநகர் மரபணுக் கூடத்திலிருந்து வந்தது. நாற்பத்தேழு முதல் ஐம்பது வரையிலான நாலு குரங்குகளின் ஒட்டுண்ணிகளுக்குள் ஓர் எழுத்துக்கூட வித்தியாசமில்லை என்றும், நாலு விலங்கு இப்படி ஒரே அச்சாக இருக்க வழியே இல்லை என்றும், இந்த மாவட்டக் குரங்குகளை மறுபடி எண்ணிப் பார்க்குமாறும் அதில் எழுதியிருந்தது. அடுத்த பத்தியில்தான் விஷயம். அந்த ஒட்டுண்ணி நீளவாலும் இல்லை, பன்றிவாலும் இல்லை. இரண்டு வம்சமும் எங்கேயோ ஒரு கொசுவின் வயிற்றில் சம்பந்தம் செய்துகொண்டு பிறந்த கலப்பு. இப்படிக் கலந்தது இதுவரை அவர்கள் கைக்கு வந்ததில்லை. குரங்கிடம் என்றால் ஒரு குறிப்பு எழுதலாம். மனிதரிடம் என்றால் உலக மாநாட்டில் வாசிக்கலாம்.

"மாநாடு அடுத்த மாசம்" என்றார் டத்தோ. அவர் குரல் நெகிழ்ந்திருந்தது. "பன்யாங், விஞ்ஞானத்துக்கு உங்க உதவி தேவை. நீங்க மனுஷன்தான்னு ஒரு ஒப்புதல் கையெழுத்து போடணும்."

நீள்வீட்டில் கதவுக்குக் கதவு ஆட்கள் வந்து கூடிவிட்டார்கள். பன்யாங் கள்ளை ஒரு வாய் குடித்தார்.

"நாலு பேரும் போடணுமா, ஒருத்தன் போட்டாப் போதுமா?"

"ஒருத்தர் போதும்" என்றார் டத்தோ, மிகவும் அக்கறையாக.

சிரிப்பு வீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடியது. இண்டாங் மட்டும் சிரிக்கவில்லை. அவள் தாளைப் பன்யாங் கையிலிருந்து வாங்கி, மடித்து, தன் இடுப்புத் துணியில் செருகிக்கொண்டாள்.

"டத்தோ, மூணு கதவு தள்ளி மெங்கான்னு ஒருத்தி இருக்கா. ரெண்டு நாளா காய்ச்சல். அதே மத்தியானக் காய்ச்சல். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகத்தான் படகுக்கு ஆள் அனுப்பியிருந்தேன். நீங்களே படகோட வந்துட்டீங்க."

டத்தோ ஜப்பாரைப் பார்த்தார். "காய்ச்சல்ல பல விதம் இருக்கும்மா. ஜப்பார் ஒரு சிவப்புப் படிவம்..."

"வேண்டாம்." அவள் குரலை உயர்த்தவில்லை. "குரங்குப் படிவம் வேண்டாம். மனுஷின்னு எழுதி மருந்து குடுங்க. அவ எழுந்து நடக்கிற அன்னிக்கு இவர் கையெழுத்து போடுவாரு."

"அப்படி ஒரு பதிவேடே இல்லையேம்மா! குரங்கு மலேரியா வந்த மனுஷனுக்குப் பத்தி இல்லைன்னுதானே அன்னிக்கே சொன்னேன்?"

"இல்லன்னா புதுசா போடுங்க. ஜப்பார் சார் பையில நோட்டு வெச்சிருக்காரு, படியேறும்போது பார்த்தேன்."

"புதுப் பதிவேடு திறக்கணும்னா தலைநகர் அனுமதி..."

"அப்ப மாநாட்டுல குரங்கைப் பத்தியே வாசிங்க" என்றார் பன்யாங்.

டத்தோ வியர்வையைத் துடைத்தார். மாநாட்டுக்கு மூன்று வாரம் இருந்தது. மெங்காவுக்கு எவ்வளவு இருந்ததென்று அங்கே இருந்தவர்களில் யாருக்கும் தெரியாது. உள் அறையிலிருந்து அவள் முனகுவது கேட்டது. டத்தோ முதல்முறையாக அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தகட்டிலும் பத்தியிலும் இல்லாமல், ஒருத்தி வாயிலிருந்து நேராக வரும் அந்தச் சத்தத்தை அவர் முன்னே கேட்டிருக்கிறாரா என்று தெரியவில்லை. எழுந்து காற்சட்டையை மறுபடி மடித்துக்கொண்டார்.

மெங்காவைப் பாயோடு தூக்கி அலுவலகப் படகில் கிடத்தினார்கள். அவள் தலையை இண்டாங் மடியில் வைத்துக்கொண்டாள். பன்யாங் முன்முனையில் கழியோடு நின்று கல்லுக்குக் கல் படகைத் தள்ளிவிட்டார். எஞ்சின் பிடித்ததும் ஜப்பார் நோட்டைத் திறந்து, ஆடுகிற படகில் அடிக்கோலை அழுத்திப் பிடித்துப் பத்திகளுக்குக் கோடு கிழித்தார். டத்தோ அதை வாங்கித் தன் முழங்காலில் வைத்துக்கொண்டார். பேனா காகிதத்துக்கு ஓர் அங்குலம் மேலே வெகு நேரம் நின்றது.

"எழுதுங்க சார்" என்றாள் இண்டாங். "இவளுக்குப் பல்லு கிட்டுது."

"பேரு?"

"மெங்கா. அப்பன் பேரு ஊங்கட்."

"எடை?"

"ஐம்பத்திரண்டு கிலோ. ஒரே ஆள்."

அடுத்த கட்டத்தின் மேலே ஜப்பார் 'இனம்' என்று எழுதி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் படகு சுழிப்பில் இறங்கியது. தண்ணீர் மேலே தெறித்தது. எழுதிக்கொண்டிருந்த டத்தோவின் கை குதித்தது. இண்டாங் எட்டி நோட்டைத் தன் பக்கம் திருப்பி, எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு தடவை படித்தது போதவில்லை, மறுபடியும் படித்தாள். எழுத்து கோணலாக, பாதி நனைந்து இருந்தது. மனிதர் என்றுதான் இருந்தது.